மடிப்பக்காவின் உள்ளங்கால்

கல்யாணப் பேச்சு நடக்கும்போதே அந்தப் பெயர் கல்யாணப் பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சே, “எங்க மடிப்பக்கா சரின்னா எனக்கும் சரி” என்பதுதான். யார் இந்த மடிப்பக்கா என்று அன்றைக்கே அவள் விசாரித்தாள்.

பார்த்தால் ஒட்டடைக்குச்சி போல ஒருத்தி. மாப்பிள்ளையின் மூத்த அக்கா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறவள்; அதனால் வந்த பெயர். தாய் தகப்பன் போனபின் தம்பியையும் இரண்டு தங்கைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் ஆளாக்கினாள். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை; தம்பி கல்யாணத்துக்குப் பிறகும் அவனோடுதான் இருந்தாள். தகப்பனோடு பிறந்த அத்தைகள் இருவருக்கும் சர்க்கரை. ஒருத்திக்குக் கண்ணைக் கொண்டுபோனது, ஒருத்திக்குச் சிறுநீரகத்தை. இவளுக்குக் காலில் வந்து உட்கார்ந்தது.

பாதம் நெருப்பாக எரியும், ஊசி ஊசியாகக் குத்தும். நின்றால்தான் வேலை, நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலே கதி.

“தினம் அரைமணி நேரம் நடங்கம்மா. உக்காந்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. வலி கொறையும். ஆனா கால்ல உணர்ச்சி கம்மி. ஷூ போடாம நடக்காதீங்க. தினம் உள்ளங்காலை யாரையாவது பாக்கச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“எரியுற காலை நடக்கச் சொல்றாரு பாரு, படிச்சவரு!” என்றாள் மடிப்பக்கா வீட்டுக்கு வந்து.

“எந்திரிங்க அண்ணி” என்றாள் தம்பி மனைவி. “வேலைய விட்டுட்டு என் சமையல்ல குத்தம் பாத்துக்கிட்டு உக்காரப் போறீங்களா? ரெண்டு பேருக்கும் தாங்காது.”

சிரித்துக்கொண்டே எழுந்தாள். முதல் நாள் தெருமுனை வரை. பிறகு தபால் ஆபீஸ் வரை. மூன்று மாதத்தில் எரிச்சல் பாதிக்குப் பாதி தணிந்து, தூக்கம் வந்தது. நடந்து திரும்பியதும் காலைத் தம்பி மனைவியின் மடியில் வைப்பாள். அவள் விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாள்.

“என் காலைப் பிடிக்க வச்சிட்டேனே உன்னை.”

“பிடிக்கத்தானே செய்றேன், வாரலையே!”

ஒருநாள் மடிப்பக்கா போனில் சின்னத் தங்கையிடம், “தம்பி எலும்பும் தோலுமா ஆயிட்டான், அவ என்னத்தப் போடுறாளோ” என்று சொன்னது தம்பி மனைவியின் காதில் விழுந்தது. அன்றோடு பேச்சு நின்றது. காலையும் பார்க்கவில்லை. மடிப்பக்கா தன் பாட்டுக்கு நடந்தாள். வலிதான் குறைந்துவிட்டதே, பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் துவைக்கப் போட்ட காலுறையில் ரத்தம். ஷூவுக்குள் கையை விட்டால், சலவைத் துணியில் குத்துகிற ஊக்கு, வாயைத் திறந்தபடி.

“இது குத்தினது தெரியலையா அண்ணி?”

“தெரிஞ்சா நடப்பேனா?”

“ஒரு வார்த்தை, வந்து பாருன்னு கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

“வாய் வரலம்மா.”

புண் சீழ் பிடித்து, கணுக்காலுக்குக் கீழே பாதத்தை எடுத்துவிட்டார்கள். நடந்தது தப்பில்லை, பார்க்காமல் விட்டதுதான் தப்பு என்றார் டாக்டர். புருஷன் அவளிடம் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தம்பி வீடு மாடியில்; படி ஏற முடியாது என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். மடிப்பக்கா இப்போது சின்னத் தங்கை வீட்டின் கீழ் அறையில் இருக்கிறாள்.