மூன்று முறை யெஸ் சொன்னேன், பூனை போய்விட்டது

போன சனிக்கிழமை காலை, தேநீர் ஆறுவதற்குள், நான் ஒரு பூனையை அழித்துவிட்டேன்.

பயப்படாதீர்கள் பிள்ளைகளே. உயிருள்ள பூனை இல்லை. பிளாஸ்டிசின் களிமண்ணில் செய்த பூனை. அதிலும் பொம்மையை அழிக்கவில்லை, அதன் படங்களைத்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

ஆனால் அன்றைக்கு என் மகள் யாழினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நிஜப் பூனையைத் தொலைத்திருந்தால்கூட இதைவிடக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்திருப்பாள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

யாழினிக்குப் பதினோரு வயது. அவள் பள்ளியில் குறும்படப் போட்டி வைத்தார்கள். ஆரஞ்சு நிற பிளாஸ்டிசினில் ஒரு பூனை செய்தாள். பூனையைக் கொஞ்சம் நகர்த்துவாள், ஒரு போட்டோ எடுப்பாள். இன்னும் கொஞ்சம் நகர்த்துவாள், இன்னொரு போட்டோ. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வேகமாக ஓட்டினால் பூனை நடக்கும். எங்கே நடக்கும்? மாமாக் கடைக்கு, அதாவது எங்கள் ஊர் டீக்கடைக்கு. எதற்கு? ரொட்டி சானாய் என்கிற பரோட்டா வாங்க. கதை அவ்வளவுதான்.

இதற்கு ஐந்து வாரம். எங்கள் சாப்பாட்டு மேசைதான் மாமாக் கடை. ஐந்து வாரமும் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கடைசிப் படம் எடுத்த அன்றைக்கே அந்தப் பூனையைப் பிசைந்து டைனோசர் செய்துவிட்டாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூனை இப்போது டைனோசர். திரும்பப் படம் எடுக்க வழியே இல்லை. எடுத்த படங்கள் இருப்பதும் கம்ப்யூட்டரில் மட்டும்தான். திங்கட்கிழமை காலையில் ஆசிரியையிடம் குறும்படத்தைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் கம்ப்யூட்டரோ ரொம்ப மந்தமாகிவிட்டது. பட்டனைத் தட்டிவிட்டு, குளித்து, சாமி கும்பிட்டு, ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டு வந்து பார்த்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இதில் எப்படிப் படத்தைச் சேர்ப்பது? பிரிக்பீல்ட்ஸில் மாடியில் கடை வைத்திருக்கும் சாந்தியிடம் தூக்கிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரி. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, உள்ள குப்பை ரொம்ப சேந்துடுச்சு. சி டிரைவ முழுசா அழிச்சிட்டு ஓஎஸ் புதுசா போடணும். உங்க சாமான் எல்லாத்தயும் மொதல்ல டி டிரைவ்ல எடுத்து வச்சிடுறேன்" என்றாள்.

ஓஎஸ் என்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டம். கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்குவது அதுதான். அது குடியிருக்கும் அறை சி டிரைவ். சிக்கல் என்னவென்றால், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் என்று நாம் படங்களையும் பாடங்களையும் போட்டு வைக்கிற ஃபோல்டர்களும் அதே அறையில்தான் இருக்கின்றன. அறையைக் கழுவினால் அவையும் போய்விடும். அந்த ஃபோல்டர்களை மட்டும் டி டிரைவுக்குக் குடிமாற்றிவிட்டால்? சி-யை எத்தனை முறை வேண்டுமானாலும் கழுவலாம்!

எவ்வளவு நல்ல யோசனை! இப்போதும் சொல்கிறேன், யோசனை நல்ல யோசனைதான்.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடித்துக் கொடுக்கும்போது சாந்தி சொன்னாள். "வீட்டுக்குப் போயி டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ரெண்டயும் டி-க்கு மாத்திக்கங்க. டி-ல ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ளதான் மாத்தணும், சரியா? வேணும்னா நானே செஞ்சு தரவா?"

"வேணாம் தங்கச்சி. பத்தொம்பது வருசமா நான் பாக்கிற வேலையே சாமான் மாத்துறதுதான்" என்றேன்.

பெருமை இல்லை, உண்மை. நான் படித்தது ஐந்தாம் படிவம் வரைதான். ஆனால் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளன். எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாமான் சி வரிசையிலிருந்து டி வரிசைக்குப் போனால், சி-யில் ஒரு சீட்டு ஒட்டுவோம். 'சாமான் டி-க்குப் போய்விட்டது' என்று. டி-யில் சாமான் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்ததும் சி-யில் இருக்கும் சீட்டைக் கிழித்துவிடுவோம். சீட்டுக் கிழிப்பதில் என் கைக்கு நல்ல பழக்கம்.

வினையே அந்தப் பழக்கம்தான்.

சனிக்கிழமை காலை. யாழினி நடன வகுப்பில். என் மனைவி செல்வி பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். பண்டமாரானில் எங்கள் வீட்டில் நானும் தேநீரும் கம்ப்யூட்டரும் மட்டும்.

டெஸ்க்டாப் ஃபோல்டரை வலது பக்கம் கிளிக் செய்து, இடத்தை மாற்று என்ற பட்டனை அமுக்கி, டி டிரைவைக் காட்டினேன். புது ஃபோல்டரா? சாந்தி ஏதோ சொன்னாளே... டி காலியாகத்தானே கிடக்கிறது, அதற்குள் எதற்கு இன்னொரு பெட்டி?

கம்ப்யூட்டர் கேட்டது: பழைய இடத்தில் இருப்பதையும் கொண்டுபோகலாமா? யெஸ்.

அடுத்து டாக்குமெண்ட்ஸ். அதற்கும் அதே டி. இந்த முறை நான்கு வரி இங்கிலீஷ் வந்தது. ஒன்றுக்குள் ஒன்று போகிறது, பிறகு பிரிக்க முடியாது, தொடரலாமா என்று கேட்டதாம். 'கேட்டதாம்' என்கிறேன், ஏனென்றால் நான் படிக்கவில்லை. பட்டனை மட்டும் பார்த்தேன். யெஸ்.

பார்த்தால், திரை முழுக்கச் சாமான்! டி டிரைவில் சாந்தி எடுத்து வைத்த கல்யாணப் படங்கள், பள்ளிப் பாடங்கள், கிடங்கு போட்டோக்கள், 'யாழினி பூனை' ஃபோல்டர் எல்லாம் டெஸ்க்டாப்பில் வந்து உட்கார்ந்திருந்தன.

ஏன் தெரியுமா? 'டி டிரைவ் முழுவதும் இனி டெஸ்க்டாப்' என்று நானே சொல்லிவிட்டேன். இரண்டும் ஒரே இடம். இது இப்போது தெரிகிறது. அப்போது என் கிடங்கு மூளை என்ன சொன்னது?

சாமான் டி-யில் இருக்கிறது. அப்படியானால் டெஸ்க்டாப்பில் தெரிவது? சீட்டு!

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டிலீட் அமுக்கினேன். இவை ரொம்பப் பெரியவை, குப்பைத் தொட்டியில் அடங்காது, நிரந்தரமாக அழித்துவிடவா என்று கேட்டது. எவ்வளவு பணிவான இயந்திரம்! யெஸ்.

திரை துடைத்த தட்டுப் போல ஆனது. திருப்தியாக ஒரு மடக்குத் தேநீர் குடித்துவிட்டு டி டிரைவைத் திறந்தேன்.

'இந்த ஃபோல்டர் காலியாக இருக்கிறது.'

மூடினேன். திறந்தேன். மறுபடி மூடித் திறந்தேன். ஃபிரிட்ஜை நாலு தடவை திறந்தால் தீர்ந்துபோன கேக் திரும்பி வருமா? வராது. ஆனாலும் திறந்து பார்ப்போமே, அப்படி.

அந்த நேரம் பார்த்து செல்வி வந்துவிட்டாள்.

"என்னாங்க, கம்ப்யூட்டருக்குத் துண்டு போத்தி வச்சிருக்கீங்க?"

"அது... தூசி."

"தூசிக்கு என்னோட நல்ல துண்டா? மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது? என்னா பண்ணீங்க?"

சொன்னேன். மீன் பையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"அவகிட்ட நீங்களே சொல்லிக்கங்க. நான் மீன் கழுவப் போறேன்."

சாந்திக்கு போன் அடித்தேன். நான் பாதி சொல்வதற்குள் கத்தினாள்.

"அண்ணே, கைய எடுங்க! ஒண்ணயும் தொடாதீங்க, ஒண்ணயும் சேவ் பண்ணாதீங்க. ஆஃப் பண்ணிட்டு அப்படியே தூக்கிட்டு வாங்க."

"போயிடுச்சா தங்கச்சி?"

"பழைய ஹார்ட் டிஸ்க்தானே, சான்ஸ் இருக்கு. இப்ப பேரு மட்டுந்தான் போயிருக்கும். சாமான் அங்கேயேதான் கெடக்கும், நீங்க அது மேல வேற எதையும் கொண்டுபோயி வைக்காம இருந்தா. வேற எதுவும் செஞ்சீங்களா?"

"தேத்தண்ணி குடிச்சேன்."

"அது பரவால்ல லா."

கம்ப்யூட்டர் பெட்டியைக் காரின் பின் சீட்டில் வைத்து, சீட் பெல்ட் மாட்டி, வழியில் நடன வகுப்பிலிருந்து யாழினியையும் ஏற்றிக்கொண்டேன். ஏறியதும் பெட்டியைப் பார்த்தாள்.

"ப்பா, இதுக்கு ஏன் பெல்ட்டு?"

பிள்ளைகளே, பெரியவர்கள் பயப்பட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழியில் ஷா ஆலம் தாண்டும் வரைக்கும் மீன் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கேள்வி கேட்டாள்.

"அழிக்கட்டான்னு அது உங்களக் கேக்கவே இல்லையா?"

"கேட்டுச்சும்மா."

"மொத்தம் எத்தன தடவ கேட்டுச்சு?"

"...மூணு."

"மூணுக்குமா?"

"யெஸ்ஸுன்னு சொல்லிட்டேன்."

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"ஸ்கூல் கேம்ப்புக்குப் போகட்டான்னு கேட்டேன், நோ. பூனை வளக்கட்டான்னு கேட்டேன், நோ. அதனாலதான் பிளாஸ்டிசின்ல பூனை செஞ்சேன். ஐஸ் கச்சாங் கேட்டாகூட, சளி பிடிக்கும், நோ. நான் கேட்டா எல்லாத்துக்கும் நோ. அந்தப் பொட்டி கேட்டா மட்டும் படிக்காமயே யெஸ்ஸாப்பா?"

ஃபெடரல் ஹைவேயில் அன்றைக்கு நெரிசல். கார் நகரவில்லை. முன்னால் நின்ற லாரியின் நம்பரை மட்டும் முழுவதும் படித்தேன்.

சாந்தியின் கடையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நான் எதிரே இருந்த காலண்டரில் விடுமுறை நாட்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். கடைசியில் சாந்தி நாற்காலியைத் திருப்பினாள்.

"பூனை வந்துடுச்சு!"

யாழினி குதித்தாள். நானும் குதித்தேன்.

"இருங்க, இருங்க. ஏழு படம் வரவே இல்ல. அப்புறம், படம் வந்துச்சு, பேரு வரல. வரிசையும் வரல. எல்லாம் கலந்து கெடக்கு."

பார்த்தோம். பூனை, பூனை, செல்வி தாலியோடு, பூனையின் வால், அரிசி மூட்டை, பூனை, ஃபோர்க்லிஃப்ட், நான் மாலையோடு, பூனை. இப்படி மூவாயிரத்துக்கும் மேல். எல்லாவற்றையும் வெளியே மாட்டுகிற ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பாவும் மகளும் உட்கார்ந்துவிட்டோம். இந்த முறை முதலாளி அவள், கூலியாள் நான்.

"ப்பா, வால் மேல போயிட்டுக் கீழ வரும். இது கீழ வர்ற வால். அங்க வைங்க."

"சரி போஸ்."

"ரொட்டி கையில இருந்தா அது திரும்பி வர்ற பூனை. போற பூனையோட கலக்காதீங்க."

"சரி போஸ்."

பத்தொன்பது வருட அனுபவம் இங்கேதான் கைகொடுத்தது. சாமானை அடுக்கு என்று சொன்னால் நான் அடுக்கிவிடுவேன். மத்தியானத்துக்குள் என் கண் அந்த வாலை விரற்கடை கணக்கில் அளக்கப் பழகிவிட்டது. செல்விகூட மனமிரங்கி மீன் குழம்போடு வந்து, தன் கல்யாணப் படங்களைத் தனியாகப் பிரித்து எடுத்தாள். மாலை ஆறு மணிக்கு அறுநூற்று ஐந்து பூனைகளும் வரிசையில் நின்றன.

வராத ஏழும் பூனை சாலையைக் கடக்கும் படங்கள். அதனால் குறும்படத்தில் பூனை இந்தப் பக்கம் நிற்கிறது. கண் சிமிட்டினால் அந்தப் பக்கம் நிற்கிறது. பூனைக்கு அவசரம் என்று யாழினி வசனம் சேர்த்துவிட்டாள்.

புதன்கிழமை பள்ளி மண்டபத்தில் எல்லாப் படங்களையும் போட்டார்கள். பெற்றோருக்கும் அழைப்பு. யாழினியின் பூனை நடந்தது, சாலையில் மறைந்து தோன்றியது, மாமாக் கடைக்குள் நுழைந்தது. உள்ளே நுழைந்த அந்த நொடி...

திரை முழுக்க நான்! கழுத்தில் மாலை, நெற்றியில் பட்டை, பாலும் பழமும் ஊட்டும்போது எடுத்த படம். வாழைப்பழத்துக்காக வாயை ஆவென்று பிளந்திருக்கிறேன். ஒரே ஒரு நொடிதான். மறுபடி பூனை வந்துவிட்டது. ஆனால் மண்டபம் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது.

"அந்த அங்கிள் யாரு யாழினி?" என்று ஆசிரியை மைக்கில் கேட்டார்.

"ரொட்டி சானாய் சாப்பிட வந்த கஸ்டமர், டீச்சர்."

பரிசு மூன்றாவதுதான். சிரிப்பில் முதலிடம்.

சரி, நீங்களும் ஓஎஸ் மாற்றும்போது ஃபோல்டர்களை டி டிரைவுக்குக் கொண்டுபோங்கள். ஆனால் டெஸ்க்டாப்புக்கு ஒரு ஃபோல்டர், டாக்குமெண்ட்ஸுக்கு ஒரு ஃபோல்டர் என்று தனித்தனியாகப் போட்டு, அதற்குள் மாற்றுங்கள். இன்னொன்றும் சாந்தி சொன்னாள். டி டிரைவ் என்பது அடுத்த அறைதான், அடுத்த வீடு இல்லை. ஆகவே முக்கியமானதை வெளியே இன்னொரு டிஸ்க்கிலும் வையுங்கள். கேள்வி வந்தால் முழுவதும் படியுங்கள். பட்டன் எங்கேயும் ஓடிவிடாது.

குறும்படம் போட்ட அன்று மாலை யாழினி என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். கம்ப்யூட்டர் மாதிரியே மூன்று கட்டம் வரைந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் யெஸ், நோ.

'உண்மையான பூனை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?'

'அது உங்கள் நாற்காலியில் படுக்கும். பிறகு பிரிக்க முடியாது. தொடரலாமா?'

'இது நிரந்தரமானது. உறுதியாகவா?'

இந்த முறை மூன்றையும் படித்தேன், இரண்டு தடவை. யாழினி பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது.

யெஸ். யெஸ். யெஸ்.

எங்கள் கிடங்கில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அதில் ஆரஞ்சு நிறக் குட்டியாகப் பார்த்து நேற்று கொண்டுவந்தேன்.

இந்தக் கதையை மூன்று இடத்தில் சேமித்துவிட்டேன் — குட்டி இப்போது டிலீட் பட்டன்மேல்தான் தலை வைத்துத் தூங்குகிறது.