பெரியம்மாவுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை

எங்கள் குடும்பம் உல்லாசப் பயணம் என்று போனது ஒரே ஒரு தடவைதான். ஏழு நாள் கப்பல் பயணம். அதில் ஐந்து நாள் நான் பயந்துகொண்டே இருந்தேன். நோர்வேயின் மலைகளையும் பனியாறுகளையும் பார்ப்பதற்கென்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். நானும் பார்த்தேன்தான், வேள்விக்குக் கொண்டுபோகிற கடா வழியில் வயல்களைப் பார்ப்பதுபோல.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. லண்டனில், ஸ்ட்ரெதமில், ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா வேலை செய்த பெற்றோல் நிலையத்தின் முதலாளிக்கு, நிறைய விற்றதற்காக ஒரு கப்பல் பயணம் பரிசாக வந்தது. அந்த மனிதருக்குக் குளியல் தொட்டியில் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றும். “நீ போ தம்பி, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போ” என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கப்பல் நிற்கும் இடங்களின் பட்டியலை அம்மா வாங்கிப் பார்த்தார். நாலாவது பெயரில் அவருடைய விரல் நின்றது. பெரியம்மா இருக்கும் தீவுக்கு நேர் எதிரே உள்ள சிறிய துறைமுகம் அது.

பெரியம்மா அம்மாவின் அக்கா. அவர்களுடைய தாய் இறந்தபோது அம்மாவுக்கு ஆறு வயது, பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு. பெரியம்மா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவை வளர்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. நான் பிறந்த அன்று யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அம்மா, “அக்கா, இவள் உங்கட பிள்ளை” என்று சொல்லிவிட்டாராம். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் வயிறு திறக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஆனால் நான் பால்குடி மறப்பதற்குள் நாட்டில் சண்டை வந்தது, குண்டுகள் விழத் தொடங்கின. பெரியம்மா நோர்வேயில் மீன் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தார். நாங்கள் லண்டனுக்கு வந்தோம். அதற்குப் பிறகு அது வெறும் கேலிப்பேச்சாகிவிட்டது. நான் குழப்படி செய்தால் அப்பா, “உன்னை உன்ர நோர்வே அம்மாட்ட அனுப்பப்போறன்” என்பார். நானும் சிரிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் வந்து கதவுக்குப் பின்னால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குசினியில் அடுப்படியில் நின்று அம்மா பெரியம்மாவோடு போனில் பேசி முடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

“இந்த முறை பிள்ளையை அக்காவிட்ட விட்டிட்டு வருவம். நான் குடுத்த சொல்லு. அக்கா ஒவ்வொரு முறையும் கேக்கேக்க எனக்கு முகம் குடுக்க ஏலாமல் கிடக்கு.”

“பிள்ளைக்கு எப்ப சொல்லுறது?” என்று அப்பா கேட்டார்.

“அங்க போய்ச் சொல்லுவம். இப்ப சொன்னா அழுது குழறுவாள்.”

நான் ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே நின்றேன். அழவில்லை. அவர்களிடம் போய்க் கேட்கவுமில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார்களே என்று பயம். கேட்காதவரைக்கும் அது நடக்காமல் போகலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஒன்பது வயதுக் கணக்கு அது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கு எதிரான சாட்சியாகவே இருந்தது. என் உடுப்புகள் மட்டும் தனிப் பெட்டியில் அடுக்கப்பட்டன. நடு ஆடி மாதத்தில் எனக்கு ஒரு குளிர் அங்கி வந்தது, அதுவும் ஒரு அளவு பெரிதாக, அடுத்த வருடமும் போடத் தோதாக. அம்மாவின் கைப்பைக்குள் என் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் இருந்தன. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் என்னுடைய பெயருக்கு மட்டும் அருச்சனை நடந்தது. தம்பியின் பெயருக்கு ஒரு கற்பூரம்கூட இல்லை.

கப்பலில் அம்மா என்னை ஒருநாளும் இல்லாத மாதிரிக் கவனித்தார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. வழக்கமாகத் தலை இழுக்கும்போது சிக்கோடு என் உயிரையும் சேர்த்து இழுப்பவர், இப்போது நோகாமல் மெல்ல மெல்ல வாரிவிட்டார். ஐஸ்கிரீம் கேட்டால் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டாவது கேட்டாலும் கேட்கவில்லை. கடாவுக்குக் குழை ஒடித்துப் போடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா கல்யாண சூட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். அம்மா காஞ்சிபுரச் சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அவித்த மீனைக் கண்டதும் கைப்பையிலிருந்து சம்பல் போத்தலை எடுத்தார். பரிமாறிய பையன் அதை ஆசையாக நக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணீரோடு போனான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கென்ன, திரும்பிப் போகிற டிக்கட் அவனுக்கு இருந்தது.

மூன்றாம் நாள் கப்பல் கடலை விட்டு மலைகளுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கறுத்த மலைச் சுவர்கள் மேகம்வரை ஏறி நின்றன. தண்ணீர் பச்சையாக, அசைவில்லாமல் கிடந்தது. கப்பல் மணிக்கணக்காக உள்ளே உள்ளே போனது. ஒரு வளைவு முடிய இன்னொரு வளைவு வந்தது. வந்த வழி பின்னால் மூடிக்கொண்டது. எல்லோரும் அழகு அழகு என்றார்கள். நான் வளைவுகளை எண்ணினேன். விட்டுவிட்டுப் போனால் நடந்தாவது திரும்ப வேண்டுமே. பதினாலோடு எண்ணிக்கை தவறிவிட்டது. எங்கோ ஒரு மலையடியில் ஒரேயொரு சிவப்பு வீடு தெரிந்தது. அதற்கு ரோட்டும் இல்லை, அயலும் இல்லை. எனக்கான வீடு அதுதான் என்று முடிவு செய்துகொண்டு கழிப்பறைக்கு ஓடினேன்.

அடுத்த நாள் பனியாறு பார்க்கக் கூட்டிப்போனார்கள். குதிரை வண்டியில் கொஞ்சத் தூரம், பிறகு நடை. இரண்டு மலைகளுக்கு நடுவே நீல ஐஸ் ஒரு பெரிய நாக்கைப்போலத் தொங்கி, கீழே ஒரு குளத்துக்குள் இறங்கியிருந்தது. அது பார்க்கத்தான் அசையாது, உண்மையில் நாளும் நகர்கிறது என்று வழிகாட்டி சொன்னார். நாங்கள் கரையில் வரிசையாக நின்றோம். அப்பா கமெராவைக் கண்ணில் வைத்தார்.

அப்போது மேலே எங்கோ டும் என்று ஒரு சத்தம். ஐஸ் உடைந்து குளத்தில் விழுந்தது. மலைகள் அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பின. பயணிகள் எல்லோரும் கை தட்டினார்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் நிலத்தில் கிடந்தோம். தம்பிக்கு மேல் அப்பா. எனக்கு மேல் அம்மா. என் மூக்கு சேற்றுக்குள் போயிருந்தது. அம்மாவின் முழுப் பாரமும் என் முதுகில் இருந்தது. அவருடைய இதயம் அடித்த அடி எனக்குள் கேட்டது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி நாங்கள் வழுக்கி விழுந்துவிட்டோம் என்று நினைத்துக் கை கொடுத்தார். அப்பா எழுந்து, அங்கேயும் போட்டுவந்த சூட்டைத் தட்டிக்கொண்டு, நன்றாக வழுக்குகிறது, கவனம் என்று ஆங்கிலத்தில் அவருக்கே புத்தி சொன்னார்.

அம்மா எழும்பவில்லை. “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தார். கொடுக்கப்போகிற பிள்ளையை எதற்கு இப்படிப் பொத்துகிறார் என்று நான் யோசித்தேன். சாமானை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம் என்று பட்டது. இன்னொன்றும் பட்டது. அம்மாவுக்கு என்னை விட மனமில்லை, ஆனால் கொடுத்த சொல்லை அவரால் மீற முடியாது. அப்படியென்றால் வேண்டாம் என்று பெரியம்மாதான் சொல்ல வேண்டும். சொல்லவைப்பது என் வேலை. அன்று படுக்கையில் கிடந்து, ஒரு பிள்ளையை ஒருவரும் விரும்பாமல் இருக்க என்னென்ன காரணம் வேண்டும் என்று பாடமாக்கினேன்.

ஐந்தாம் நாள் காலையில் கப்பல் அந்தச் சின்னத் துறைமுகத்தில் நின்றது. அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே இறங்கினார். அம்மா என் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பெரியம்மாவை ஒரு பூதமாக நினைத்து வைத்திருந்தேன். அங்கே நின்றவர் அம்மாவைப்போலவே இருந்தார், கொஞ்சம் உயரம் கூட. கம்பளித் தொப்பிக்குக் கீழே எண்ணெய் வைத்த கொண்டை. மீன் வெட்டி வெட்டிச் சிவந்து வெடித்த விரல்கள். கீழே ஒரு சின்ன மோட்டார்ப் படகில் இருந்து பெரியப்பா கை காட்டினார். அக்காவும் தங்கையும் எட்டு வருடத்துக்குப் பிறகு கட்டிப்பிடித்து அழுதார்கள். பெரியம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார். துறைமுக வாங்குப் பலகையில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் என் இடியப்பத்தைத் தம்பியின் பக்கம் தள்ளினேன்.

“நான் பிள்ளையோட ஒருக்கா நடந்திட்டு வாறன்” என்று பெரியம்மா எழுந்தார்.

மீன்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைவரை நடந்தோம். அங்கே வைத்து நான் ஆரம்பித்தேன்.

“பெரியம்மா, நான் படுக்கையில மூத்திரம் பெய்யிறனான்.”

“அப்பிடியோ?”

“களவெடுக்கிறனான். தம்பியைப் படியில தள்ளி விழுத்தினனான்.”

“வேற?”

“கடிப்பன். பொய்யும் சொல்லுவன்.”

“ஓம், அது விளங்குது” என்றார் பெரியம்மா. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். என் பற்கள் அடித்துக்கொண்டன. குளிருக்கு என்று சொல்ல முடியாது, வெயில் எறித்தது.

“ஆரோட படுக்கிறனி, குஞ்சு?”

“அம்மாவோட.”

பெரியம்மா குனிந்து, அவிழாத என் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். கட்டி முடிய நிறைய நேரம் எடுத்தது. பிறகு என்னைத் திரும்பக் கூட்டிவந்தார்.

வந்ததும் அம்மாவிடம் உரத்த குரலில் சொன்னார். “இஞ்ச பார். என்னால பிள்ளையை வைச்சிருக்க ஏலாது. எனக்கு இப்ப ரெண்டு ஷிப்ட். ஆர் பாக்கிறது?”

அம்மாவின் முகம் வெளுத்தது. “என்னக்கா கதைக்கிறியள்? எத்தினை வருஷமா நீங்கள்தானே கேட்டனீங்கள்?”

“அப்ப கேட்டனான். இப்ப எனக்கு ஏலாது. விடு.”

“நாங்கள் என்ன, நாய்க்குட்டியே கொண்டுவந்தனாங்கள்? வேணுமெண்டா எடுக்க, வேண்டாமெண்டா திருப்பி அனுப்ப?” என்று அம்மா வெடித்தார். பெரியம்மா சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கினார். அப்பா என் பெட்டியை மறுபடி தூக்கினார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை இன்னொரு சந்தோஷமும் எட்டவில்லை. நான்தான் வென்றேன். படுக்கையில் மூத்திரம் பெய்கிற பிள்ளையை எவர் எடுப்பார்?

கப்பல் அறைக்குள் வந்ததும் அம்மா பெரியம்மாவைத் திட்டித் திட்டி அழுதார். அழுதுகொண்டே என்னை இறுக்கிப் பிடித்தார். எலும்பு நொந்தது, நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் அவர் அக்காவுடன் பேசவில்லை. கல்யாண வீடுகளிலும் சாமத்தியச் சடங்குகளிலும் “சொல்லு மாறினவ”, “தன்ர சுகத்தைப் பாத்தவ” என்று பெரியம்மாவின் பெயர் அடிபடும். பெரியம்மா ஒருவரிடமும் நியாயம் சொல்லப் போகவில்லை. மீன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நான் சொன்னதை அவர் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. முதலில் வெற்றியில் திறக்கவில்லை, பிறகு வெட்கத்தில்.

அன்று கப்பல் புறப்பட்டபோது நான் மட்டும்தான் மேல்தளத்துக்கு ஓடிப்போனேன். ஐந்து நாளுக்குப் பிறகு பசித்தது. கையில் ஐஸ்கிரீம். கீழே பெரியம்மா படகில் ஏறிவிட்டார். நோர்வேயில் சின்னப் படகில் ஏறும் எல்லோரும் மிதவை அங்கி போட வேண்டுமாம். பெரியப்பா ஒன்றைப் போட்டிருந்தார், பெரியம்மாவும் ஒன்றைப் போட்டிருந்தார். பெரியம்மாவின் மடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. செம்மஞ்சள் நிறம், புதுசு, கடையின் விலைத்துண்டுகூடக் கழற்றவில்லை, மிகவும் சின்னது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார். இவ்வளவு சின்னதை அவர்களில் யார் போடப்போகிறார்கள் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கை காட்டினேன்.