மங்கின லைட்டும் ஓடிக்கினு இருந்த ஃபேனும்

லோ வோல்டேஜு, லோ வோல்டேஜுன்னு ஊரே பொலம்பிக்கினு கெடக்கிறப்போ, லைட்ட ரிமோட்டுல மங்க வைக்கறதுக்குன்னு காசு குடுத்து ஆள் கூப்பிட்டவ நான் ஒருத்திதான். "வயக்காட்டுல மோட்டார் போட்டா சும்மாவே மங்குது, உனக்கு ரிமோட்டு வேற கேக்குதா?"ன்னு எதிர்வூட்டுக்காரி கேட்டா. கேக்கட்டும். புதுசா ஒரு சாமானைப் பத்திக் கேள்விப்பட்டா, அது எப்படி வேல செய்யுதுன்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராது.

காரணமும் இருந்துது. நான் பெருநகர்ல வூட்டு ஹால்லயே மிஷின் போட்டுத் தைக்கிறவ. வூடு கட்டும்போதே ஃபால்ஸ் சீலிங் அடிச்சி, அதுக்குள்ள புதைச்சாப்ல ஆறு லைட்டு வச்சிட்டோம். ஊசியில நூல் கோக்க எனக்கு அந்த வெளிச்சம் வேணும். பக்கத்து ரூம்ல படுத்துக்கினு இருந்த என் வூட்டுக்காரருக்கு அது கண்ணைக் குத்தும்.

அவரு உத்திரமேரூர்ல நெல்லு ஏலம் கூவுனவரு. கூவுனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். தொண்டையில கட்டின்னு ஆபரேஷன் பண்ணதுல கொரலே போயிடுச்சி. என்னைக் கூப்பிட ஒரு மணி வாங்கிக் குடுத்தேன். நான் இன்னா ஆடான்னு கேக்கறாப்ல மொறைச்சிட்டு வீசிட்டாரு. செல்லுல டைப் பண்ணுய்யான்னா செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு. முன்னெல்லாம் நாங்க சண்ட போட்டா தெருவே டிவிய நிறுத்திட்டுக் கேக்கும். இப்போ நானே கத்தி நானே ஓஞ்சிடுவேன். இந்த மனுசன் இனிமே என்கிட்ட எதுவுமே சொல்ல மாட்டாரான்னு எனக்குப் பயம்.

வயர்மேன் தம்பி ஏணி போட்டு லைட்டயெல்லாம் கயட்டினாரு. பழைய லைட்டுக்கு மங்கத் தெரியாது, மினுக்கும்னு சொல்லி வேற மாட்டினாரு. ரிமோட்டு சொல்றதக் கேக்கறதுக்குன்னு தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பாவ சீலிங் ஓட்டைக்குள்ள தள்ளினாரு. நான் ஏணியப் புடிச்சிக்கினு கேள்வி மேல கேள்வி.

"டிவிக்குக் காட்றாப்ல நேரா காட்டணுமா தம்பி?"

"வேணாக்கா. செவுத்துக்கு அந்தாண்ட இருந்து அமுக்கினாலும் வேல செய்யும்."

"செவுத்தத் தாண்டிக்கினு வருமா! அட!" ரூமுக்கும் ஹாலுக்குமா ஓடி ஓடி அமுக்கிப் பாத்தேன். ரெண்டு ரிமோட்டு வந்துது. ஒண்ணை ஆணியில மாட்டினேன், இன்னொண்ணை அட்டைப் பொட்டியோட ஷெல்ஃபுல வச்சேன்.

கொஞ்ச நாள் ஒழுங்கா இருந்துது. அப்புறம் லைட்டு தானா மங்க ஆரம்பிச்சிது. செல்லுல எங்கண்ணன்கிட்ட பேசிக்கினு இருந்தா மங்கும். எங்க மாமியார் சமையலப் பத்தி எதிர்வூட்டுக்காரிகிட்ட நாலு வார்த்த சொன்னா இன்னும் மங்கும். எனக்கு வந்துது பாரு கோவம், "இன்னாத்த மாட்டிட்டுப் போன நீ?"ன்னு வயர்மேனை செல்லுல கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்.

பாவம், ஓடி வந்தாரு. லைட்டு மங்கினப்போ லைட்டப் பாக்கல, ஃபேனைப் பாத்தாரு. "வோல்டேஜ் கொறைஞ்சா ஃபேனும் மெதுவாவும்க்கா. அது பாட்டுக்கு ஓடுது. யாரோ அமுக்கறாங்க. இன்னொரு ரிமோட்டு எங்க?"

ஷெல்ஃபுல இருந்து பொட்டிய எறக்கினேன். காலி. ரெண்டு பேரும் ரூம் பக்கம் திரும்பினோம். அவரு போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கினு தூங்கறாப்ல கெடந்தாரு. அடப்பாவி மனுசா! எங்கண்ணனைக் கண்டாலே அவருக்கு ஆவாது. அவங்கம்மாவ ஒரு வார்த்த சொன்னாலும் ஆவாது. கொரல் இருந்த காலத்துல, வாய மூடுடின்னு கத்துவாரு.

வயர்மேன் போனதும் மிஷின்ல ஒக்காந்தேன். ரூம் பக்கம் திரும்பாம, வேணும்னே சொன்னேன். "எங்கண்ணன் மாதிரி வருமா? தங்கமான மனுசன்."

மங்கிச்சி.

"உங்கம்மா வச்ச கொழம்ப மாடு கூட மோந்து பாக்காது."

கிட்டத்தட்ட இருட்டே ஆயிடுச்சி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கினு வந்துது, கூடவே அழுகையும் வந்துது. எத்தினி நாள் ஆச்சி இவரு என்கிட்ட சண்ட போட்டு!

மூக்கைச் சிந்திட்டு, அதுவரைக்கும் கேக்க பயந்துக்கினு இருந்ததைக் கேட்டுட்டேன். "இன்னாய்யா, நான் பேசிக்கினே கெடக்கிறது உனக்குப் பேஜாரா கீதா? வாய மூடிக்கினு இருந்துடட்டுமா?"

இருட்டுல ஊசியத் தடவி எடுத்தேன். அப்புறம் ஆறு லைட்டும் மெதுவா ஏறிச்சி. ஏறி ஏறி, அவரு கண்ணைக் குத்தற அதே வெளிச்சத்துக்கு வந்து நின்னுது. நான் ஊசியில நூலக் கோத்துக்கினே, எதிர்வூட்டுக்காரி கதைய மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.