ஊரே ஒப்புக்கொண்ட அடி

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் வாசற்படியிலேயே "நான் எதுவும் பண்ணல" என்று ஆரம்பிப்பார்கள். பண்ணியவரும் அதைத்தான் சொல்வார், பண்ணாதவரும் அதைத்தான் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. முதலியார்பேட்டையில் என் வீட்டு முன்னறைதான் என் வக்கீல் ஆபீஸ். ஒரு நாள் காலையில் அதற்குள் ஒரு குடும்பமே நுழைந்து "நாந்தாம்மா அடிச்சேன்", "அவுரு இல்லம்மா, நானு" என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஒப்புக்கொண்டபோது, குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிரிக்கக் கூடாத இடத்தில்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அன்றும் வந்தது.

சிரிக்கிற விஷயமே இல்லை அது. அவர்களுடைய பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலோரத்து ஊர். அப்பன் படகில் போகிறவன். அம்மா மூலக்குளம் பக்கம் தெருத் தெருவாக மீன் விற்கிறவள். ஒரே பையன், தவழ ஆரம்பித்திருந்தான். காய்ச்சல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றிய டாக்டர், விலாவிலும் முதுகிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போன தடங்களைப் பார்த்தார். ரத்தம் நிற்க உதவுகிற தட்டணுக்களை எண்ணிப் பார்த்ததில் குறைவில்லை. அப்படியானால் இது அடித்த காயம்தான் என்று எழுதிவிட்டார். குழந்தைகள் விஷயத்தை விசாரிக்கிற குழு, பையனை டவுனில் இருக்கும் ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டது. வீட்டில் அடிக்கிறார்கள் என்று உறுதியானால் அவன் இனி அம்மாவிடம் வர மாட்டான்.

டாக்டரின் ஒரு வரியால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வழக்குகளை நான் முன்பும் எடுத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் எல்லாரும் மறுத்தவர்கள். இந்தக் குடும்பம் குழுவின் முன்னால் போய் வரிசையாக ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்கப்புறம் வக்கீலைத் தேடி வந்திருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது.

"யோவ், யாராவது ஒருத்தராவது அடிச்சீங்களா?"

"இல்லம்மா. சீச்சீ! அந்தப் புள்ளைய யாரு அடிப்பாங்க?" என்றான் அப்பன், நான் கேட்டதே பாவம் என்பதுபோல.

"அப்புறம் எதுக்குய்யா ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கினாதான வுடுவாங்க?"

அவர்கள் ஊரில் அதுதான் முறை. ஏதாவது தகராறு என்றால் கோயில் எதிரில் பஞ்சாயத்து கூடும். தப்பு செய்தேன் என்று சொல்லிச் சபையில் விழுந்து கும்பிட்டால் அன்றோடு விஷயம் முடிந்தது. மறுநாள் அதே ஆளோடு ஒரே படகில் போகலாம். நான் செய்யவில்லை என்று வாதாடுகிறவன்தான் சபையை மதிக்காதவன், அவனை லேசில் விட மாட்டார்கள். குழு என்றதும் இவர்கள் அதையும் பஞ்சாயத்து என்று நினைத்துவிட்டார்கள். யார் ஒப்புக்கொள்வது என்பதில்தான் சண்டையே. மாமனார், மாமியார், சித்தப்பன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் முன்வந்திருக்கிறார்கள். படகு வாங்கும்போது கூட இந்த ஒற்றுமை வந்திருக்காது என்று அப்பன் பெருமையாகச் சொன்னான். நான் மறுபடியும் சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தவள் அவன் மனைவி மட்டும்தான். மூலையில் நின்றுகொண்டு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக, வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அவளுடைய தம்பி உள்ளே வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். "வக்கீலம்மா, நாந்தான் எட்டி ஒதச்சேன்" என்றான்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "எந்தக் காலால?"

அவன் சங்கடத்தோடு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். முட்டி வீங்கி இளநீர்க்காய் மாதிரி இருந்தது.

"அடிபட்டுச்சா?"

"இல்லம்மா, தானா வீங்கும். சின்ன வயசுலேர்ந்து இப்புடித்தான். அதான் கடலுக்குப் போறதில்ல."

தானாகவா? அவனை மேலும் கீழும் பார்த்தேன். அந்த வீட்டு ஆண்கள் எல்லார் காதிலும் சின்ன வயதில் குத்திய அடையாளம் இருந்தது. இவன் காதில் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தாமல் ஒரு பிள்ளையை விடுகிற ஊர் அல்ல அது.

"உனக்கு ஏன்பா காது குத்தல?"

அவனுக்குப் பதிலாக அக்காதான் பேசினாள். "எங்க அம்மா வூட்ல ஆம்பளப் புள்ளைங்களுக்குக் குத்தறதில்லம்மா. எங்க மாமாவுக்குக் குத்துனப்போ ரத்தம் நிக்கவே இல்லியாம். செத்துப்பூட்டாரு. அம்மனுக்கு ஆவலன்னு வுட்டுட்டாங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அம்மாவின் மாமா, அம்மாவின் தம்பி, இப்போது அம்மாவின் மகன்! "இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே" என்றாள்.

அந்தத் தம்பியை அப்படியே கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது. அவன் முட்டியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவனை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ரத்த நோய்களைப் பார்க்கிற எனக்குத் தெரிந்த ஒரு வயதான டாக்டரம்மாவிடம் பறந்தேன். டாக்டரம்மா முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவனுக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும், குழந்தைக்கும் எடுக்கணும்" என்றார். குழந்தைக்கு எடுக்கக் குழுவிடம் அனுமதி வாங்க நான் போட்ட சண்டை தனிக் கதை. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே முடிவு வந்தது. ஹீமோபீலியா. ரத்தம் சரியாக உறையாது. தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும். யாரும் அடிக்க வேண்டாம், விலாவில் கை கொடுத்துத் தூக்கினாலே போதும், விரல் பட்ட இடம் கன்றிப்போகும்.

நான் ஆபீஸில் அதைச் சொல்லிவிட்டுக் கைதட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேன். அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ எல்லாம் எங் கையாலதான் வந்துச்சாம்மா?"

என் கைதட்டல் பாதியில் நின்றது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தினமும் அவனை அதிகம் தூக்கியவள் அவள்தான்.

விசாரணை நாள் ஒரு திருவிழா. ஊரிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். குழுவின் தலைவி கண்ணாடி போட்ட கண்டிப்பான அம்மாள். முதல் டாக்டரும் வந்திருந்தார். மனிதர் லேசில் மடங்கவில்லை. "தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்படியே நோய் இருந்தாலும், நோயுள்ள குழந்தையை யாரும் அடிக்க மாட்டார்களா? இத்தனை பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்களே?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

டாக்டரம்மா அமைதியாகப் பதில் சொன்னார். "செங்கல் இருக்கான்னு எண்ணிட்டீங்க டாக்டர். சிமெண்ட் இருக்கான்னு பாக்கல. தட்டணு செங்கல், ரத்தத்த உறைய வைக்கிற பொருள்தான் சிமெண்ட். இந்தப் பிள்ளைக்குச் சிமெண்ட் இல்ல."

"அது சரி, இந்த ஒப்புதல்?" என்றார் தலைவி.

நான் பஞ்சாயத்து முறையை விளக்கினேன். தலைவி நம்பவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லுங்க, அடிச்சீங்களா?" என்று கேட்டார். நான் எவ்வளவு சொல்லிக் கூட்டிவந்திருந்தேன்! அந்த அறையையும் மின்விசிறியையும் நீள மேசையையும் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. "அடிச்சேம்மா, மன்னிச்சிடுங்க" என்றார் மாமனார். எப்போது என்று கேட்டதற்கு ஒரு நாளைச் சொன்னார், அன்று அவர் காரைக்காலில் சம்பந்தி வீட்டில் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையின் பெயரையே தப்பாகச் சொன்னார். அப்பன் கயிற்றால் அடித்தேன் என்றான், சித்தப்பன் அது நான், நீ இல்லை என்று சண்டைக்குப் போனான். நான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். குழுவில் இன்னொருவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் காப்பகத்திலிருந்து குழந்தையைத் தூக்கி வந்தார்கள். தலைவி எழுந்துபோய் அவனுடைய சட்டையை உயர்த்தினார். விலாவில் புதுசாக நாலு தடம். நல்ல நீலம், ஆறாத நீலம்.

"இது என்ன?" தலைவியின் குரல் ஏறியது. "யார் செஞ்சது?"

தூக்கி வந்த அம்மாள் நடுங்கிப்போனாள். "ஐயோ அம்மா, நான் அடிக்கலீங்க! சொம்மா தூக்குனதோட சரி!"

அந்தக் குடும்பத்தில் ஒருவர் கூடக் குழுவின் முன்னால் சொல்லாத வாக்கியத்தைக் காப்பகத்து அம்மாள் சொல்லிவிட்டாள். கைக்குட்டையைத் தாண்டி என் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. தலைவி என்னை முறைத்தார். அப்புறம் முதல் டாக்டரைப் பார்த்தார். அவர் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் தன் விரல்களைத் தொடாமல் வைத்து அளந்து பார்த்தார். அது தூக்கிப் பிடித்த கையின் அளவுதான்.

"நான் இன்னொரு டெஸ்ட் எடுத்திருக்கணும்" என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார், அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கடைசியாகத் தலைவி குழந்தையின் அம்மாவைக் கேட்டார். "நீயாவது சொல்லும்மா. நீ அடிச்சியா?"

அவள் புருஷன் கண்ணால் சாடை காட்டினான், ஒத்துக்கோ என்று. அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"யாருமே அடிக்கலம்மா" என்றாள். "நான் அவன ஒரு சொல்லு வைஞ்சதுகூட இல்ல. இவுங்கல்லாம் பயத்துல ஒளர்றாங்க."

அவ்வளவுதான். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஊசியும் மருந்தும் இனி அரசு ஆஸ்பத்திரியில் என்று முடிவானது. டெம்போ கூட்டம் விசிலடித்தது. அப்பன் என் காலில் விழப் போனான், நான் அவன் காதைப் பிடித்துத் தூக்கினேன். தம்பி நொண்டிக்கொண்டே எல்லாருக்கும் டீ சொல்லப் போனான். எனக்கும் குடிக்காமலே போதை ஏறியது போலிருந்தது.

காப்பகத்து அம்மாள் குழந்தையை நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்கும்மா" என்றேன்.

"வேணாம்மா. எங் கை பட்டா கன்னிப்பூடும். யாராவது தூக்கினு வாங்க, நான் பின்னாலயே நடந்து வர்றேன்."

விசில் சத்தம் அடங்கியது. வழக்கை ஜெயித்துவிட்டு இப்படி முட்டாள் மாதிரி நின்றது அதுவரை எனக்கு நடந்ததில்லை. டாக்டரம்மாதான் முன்னால் வந்து, இடுப்புக்குக் கீழே ஒரு கை, கழுத்துக்கு ஒரு கை என்று காட்டினார். அவள் அசையவில்லை. கண்ணீர் மட்டும் ஓடியது.

பையனுக்குப் பொறுமை இல்லை. காப்பகத்து அம்மாளின் பிடியிலிருந்து எம்பி, அம்மாவின் முடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தான். அவள் "ஆ!" என்று கத்தினாள். அடுத்து மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அவளுக்கு வேறு வழியில்லை, அவன் விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த பிறகு விடவில்லை.

"பாத்தீங்களாம்மா?" என்று தலைவியைப் பார்த்து, அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "அடிக்கிறாம்மா! எழுதிக்குங்க! எம் புள்ள என்ன அடிக்கிறான்!"

அந்தக் கண்டிப்பான அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அம்மா அவனை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மெதுவாக என்று சொல்ல வந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்து நான் நிறுத்தினேன். ஒரு தடம் விழுந்தால் விழட்டும்.