விஸ்வகர்மா பூஜையன்று எடுத்த ஸ்பானர்

ராஜாராமன் பார்த்த உத்தியோகம் எதிரிக்குக்கூட வாய்க்க வேண்டாம். கல்கத்தாவில், பெஹாலா பக்கம் மின்விசிறி செய்யும் ஃபாக்டரி ஒன்றில் அவர் வெல்ஃபேர் ஆபீசர். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் அப்படி ஒருத்தர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். தொழிலாளிகளுக்குச் செய்ய வேண்டியதை முதலாளி செய்கிறாரா என்று அவர் பார்க்க வேண்டும், செய்யாவிட்டால் தட்டிக் கேட்க வேண்டும். சம்பளம் கொடுப்பது யார்? அதே முதலாளிதான்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? டாக்குரியாவிலிருந்து மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவர் தட்டிக் கேட்டார். ஒரு கதவும் திறக்கவில்லை. ஆனாலும் மனுஷர் விடவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மழையில் பெஹாலா முழுக்க முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீர் வடிவதற்குள் ஃபாக்டரியில் மஞ்சள் காமாலை புகுந்துவிட்டது. முதலில் வைண்டிங் செக்‌ஷனில் ஒருத்தன், அப்புறம் பெயின்ட் அடிக்கிறவர்கள், அப்புறம் கேட்டில் நிற்கிற தர்வான். கண்ணெல்லாம் மஞ்சளாக, கழுத்தில் ஜண்டிஸ் மாலையோடு வேலைக்கு வந்தார்கள். வேர்த்துண்டுகளைக் கோத்த மாலை அது. மாலை நீள நீள நோய் இறங்குகிறது என்று அந்த ஊரில் நம்பிக்கை. ராஜாராமன் மனைவி சகுந்தலாவோ, "கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுங்கோ" என்றாள். "மருந்து கிடக்கட்டும்டீ, வந்த வழியை அடைக்க வேண்டாமா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தார் இவர்.

வந்த வழி அவருக்குத் தெரியும். குடிநீர்த் தொட்டி கழிப்பறைச் சுவரை ஒட்டி நின்றது. நடுவே ஆறு மீட்டராவது இடம் விட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இங்கே ஆறு தப்படிகூட இல்லை. மழைக்குக் கழிப்பறைச் சாக்கடை பொங்கி, தொட்டிக்கு வருகிற குழாயையே மூழ்கடித்துக்கொண்டு நின்றது.

ஒர்க்ஸ் மேனேஜர் அனந்தகிருஷ்ணனும் தமிழர்தான், லேக் கார்டன்ஸ்காரர். நம்மவர்தானே, சொன்னால் கேட்பார் என்று ராஜாராமன் போனார்.

"சார், தொட்டியை இடம் மாத்தியே ஆகணும். சுத்தமான தண்ணி குடுக்கறது நம்ம பொறுப்பு சார், தர்மம் இல்லை. சட்டத்துல இருக்கு."

"ஓய், சட்டத்துல இன்னும் என்னென்ன இருக்கு?"

"குடிநீர்னு தொழிலாளிக்குப் புரியற பாஷையில எழுதி வைக்கணும், இடைவெளி விடணும்..."

"போதும், நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் பெயின்டர் வந்தான். தொட்டி மேலே ஆளுயரத்துக்கு நீல எழுத்தில் வங்காளியிலும் ஹிந்தியிலும் ‘குடிநீர்’ என்று எழுதிவிட்டுப் போனான். சட்டத்தில் எது ஒரு டப்பா பெயின்டோடு முடிகிறதோ அது மட்டும் நடந்தது. ராஜாராமன் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

இன்ஸ்பெக்டரிடம் போவேன் என்று கத்தி, யூனியன்காரர்களையும் கூட்டி வந்து உட்காரவைத்த பிறகு ஒருவழியாகத் தொட்டியின் வால்வை மூடினார்கள். தினம் ஒரு டாங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. புதிதாக யாரும் படுக்கவில்லை. வால்வை மூடியவன் குழாய் வேலை பார்க்கும் உத்தம் மண்டல். ராஜாராமனை அண்ணன் முறை வைத்து, ‘ராமன் தாதா’வைச் சுருக்கி ‘ராமன்தா’ என்று கூப்பிடுகிறவன். அவன் பெண்டாட்டிக்கு அப்போது ஏழு மாசம், தலைப்பிரசவம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் காமாலை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதிலிருந்து ராஜாராமனுக்கு அந்தப் பெண் நினைப்புதான். "அவளை இந்தப் பக்கமே கூட்டிண்டு வராதே" என்று உத்தமிடம் பலதரம் சொன்னார்.

ஆனால் செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்றைக்கு மெஷின் ஓடாது. ஸ்பானர், சுத்தியல், ரம்பம் எல்லாம் சாமி காலடியில் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கும். யாரும் தொடக் கூடாது. தொழிலாளிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவார்கள், கிச்சுடி சாப்பிடுவார்கள், சர்பத் குடிப்பார்கள். கூட்டம் ஜாஸ்தி என்று ராஜாராமன் ரெண்டு டாங்கருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

காலையில் டாங்கர் வரவில்லை. போன் செய்தார். "இன்னிக்கு வண்டிக்கும் பூஜை தாதா, மாலை போட்டாச்சு, நகராது" என்றான் டிரைவர். அட ராமா! லாரி எதுவும் அன்றைக்கு அந்த ஊரில் ஓடாது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷம் கல்கத்தாச் சோறு தின்றவருக்கு அது தோன்றவில்லை. தன் மண்டையில் தானே குட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

தொட்டிக் குழாய்களில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது! டாங்கர் வராது என்று அனந்தகிருஷ்ணனுக்கு முந்தின நாளே தெரிந்திருக்கிறது. உத்தமைக் கூப்பிட்டு வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தைகள் கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தன. சமையல்காரன் சர்பத்துக்காகப் பெரிய டிரம் ஒன்றை நிரப்பி முடித்திருந்தான். வரிசையில், சிவப்புக் கரைப் புடவையில், வயிற்றைத் தாங்கிக்கொண்டு உத்தமின் பெண்டாட்டி நின்றாள். அவளுக்கு முன்னால் நாலே பேர்.

ராஜாராமன் ஒரு குழாயை மூடினார். அடுத்த குழாயை மூடுவதற்குள் முதல் குழாயை ஒரு பையன் திறந்தான். "குடிக்காதீங்க!" என்று கத்தினார். ‘குடிநீர்’ என்று ஆளுயரத்துக்கு எழுதிவைத்த தொட்டிக்கு அடியில் நின்று கத்தினால் யார் கேட்பார்கள்? சிரித்தார்கள்.

"உத்தம், வால்வை மூடு!"

"இன்னிக்கா? கைப்பிடி உடைஞ்சு கிடக்கே ராமன்தா, ஸ்பானர் இல்லாம திரும்பாது. ஸ்பானர் விஸ்வகர்மா பாபா காலடியில இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் முதல் வேலையா மூடறேன்."

நாளைக்காம்! ராஜாராமன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பந்தலுக்குள் நுழைந்தார். சந்தனம் பூசிப் பூ வைத்திருந்த பெரிய ஸ்பானரைச் சாமி காலடியிலிருந்து எடுத்தார். தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஒரு கிழவி வீறிட்டாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. வால்வில் கொடுத்து முழு பலத்தோடு திருப்பினார். குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. டிரம்மில் இருந்ததைக் கொதிக்கவைத்து டீயாகப் போடும்படி சமையல்காரனை விரட்டினார். அதற்குள் உத்தம் வந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"என் ஆயுதம் அது. வயித்துப் பிள்ளைக்காரி நிக்கறப்ப இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"அவளுக்காகத்தான்டா எடுத்தேன்!" என்று தமிழிலேயே கத்திவிட்டார் ராஜாராமன். கேட்டவர்களில் ஒருத்தருக்கும் புரியவில்லை.

சேதி போய், பட்டுக் குர்த்தாவில் அனந்தகிருஷ்ணன் காரில் வந்து இறங்கினார். அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த வேகத்தை! போன புரோகிதரைத் திரும்பப் பிடித்து வந்தார்கள். கங்கா ஜலம் வந்தது, பால் வந்தது, புதுப் பூமாலை வந்தது. ஸ்பானரைக் குளிப்பாட்டி, மந்திரம் சொல்லி, அரை மணியில் எல்லாம் சுத்தம். தொட்டிக்காக ஒரு மழைக்காலம் பூராவும் கெஞ்சியாயிற்று. ஸ்பானருக்கு அரை மணி! ராஜாராமனைக் கூட்டத்துக்கு முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அவமானத்தில் காது சுட்டது. எல்லாம் முடிந்ததும் அனந்தகிருஷ்ணன் அவர் தோளில் கைபோட்டு, "ஓய், சட்டத்தை நீர் பாத்துக்கும், சாமியை நான் பாத்துக்கறேன்" என்றார் மெதுவாக.

வால்வு மட்டும் மூடியபடியே இருந்தது. மறுநாளிலிருந்து டாங்கர் வந்தது. ஆனால் கான்டீனில் ராஜாராமன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உத்தம் எதிரில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு மாசம் போனதும், அன்றைக்குக் குழாயில் குடித்த பிள்ளைகளில் ரெண்டு பேருக்குக் காமாலை வந்தது. பிழைத்துக்கொண்டார்கள். "சாமி கோபம்" என்று அதற்கும் இவரைத்தான் சொன்னார்கள். "இந்த வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வாங்கோளேன்" என்றாள் சகுந்தலா. அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

குளிர் ஆரம்பித்தபோது ஒருநாள் உத்தம் அவர் மேஜை முன்னால் வந்து நின்றான். கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா.

"பெண் குழந்தை, ராமன்தா. ரெண்டு பேரும் சௌக்கியம்."

ராஜாராமனுக்கு மூச்சு வந்தது. எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் இவனுக்காவது புரிந்ததே!

"உங்க மேல எனக்கு இப்ப கோபம் இல்லை" என்றான் உத்தம். "நீங்க செஞ்ச பாவத்துக்கு மேனேஜர் சாஹேப் அன்னிக்கே பூஜை போட்டாரே, அந்தப் புண்ணியம்தான் காப்பாத்திச்சு. முதல் டப்பாவை அவர்கிட்ட குடுத்துட்டுத்தான் வரேன்."

ராஜாராமன் வாயைத் திறந்தார். தொட்டி, சாக்கடை, ஆறு மீட்டர், டாக்டர் சொன்னது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. டப்பாவை நீட்டிக்கொண்டு உத்தம் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு சந்தேஷை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நன்னாருக்கு" என்றார். "குழந்தைக்குத் தண்ணியை மட்டும் காய்ச்சிக் குடு."