பாறைத் திட்டில் ஒரு பச்சைப் புள்ளி

ப்ளஃப் துறைமுகத்தில் நைரியைத் தெரியாதவர் கிடையாது. காலையில் சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை. மதியத்துக்கு மேல் கடல் மீட்புக் குழுவின் கணினி. படகுகள் அனுப்பும் இருப்பிடத்தைத் திரையில் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும் மென்பொருளைப் பராமரிப்பவள் அவள்தான். பத்து நிமிடம் தகவல் வராத படகைத் திரை தானே அழித்துவிடும். அதன் நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம். திருத்தத்தான் ஆள் வருவதில்லை. எழுதியவன் அவளுடைய தம்பி ரேவி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கிழக்குப் பாறைத் திட்டில் படகோடு மூழ்கிப் போய்விட்டான்.

சிப்பிப் பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கையில், எல்லாப் படகும் கரையில் கட்டிக் கிடக்க, அதே திட்டில் ஒரு புள்ளி எரிந்தது.

"ரேவி வந்துட்டான் போல" என்று முதல் நாள் சிரித்த குழுத் தலைவர் மர்டோக், மூன்றாம் நாள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அந்த நிரலை, ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரிடம் கொடுக்கும்போது நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு ஏற்பாடுகள் தாமாகவே வரும். ஒன்று, பிழை எந்த வரியில் என்று பின்னால் தேட உள்ளே தடயம் வைக்கும். மற்றது, வேகமாக ஓடுவதற்காக உத்தரவுகளைத் தன் இஷ்டத்துக்குக் கலைத்து அடுக்கும். பிழை தேடுகிற எல்லாரையும்போல நைரியும் இரண்டாவதை அணைத்தாள். புள்ளி மறைந்தது. இரண்டையும் சேர்த்து வழக்கப்படி மறுபடி உருவாக்கினாள். வந்து நின்றது.

கடைசியில் தடயம் வரியைக் காட்டிக்கொடுத்தது. ஓர் இடத்தில் பூஜ்யம் வைக்க ரேவி மறந்திருந்தான். நினைவகத்தில் கிடக்கும் ஏதோ குப்பை புள்ளியாகத் தெரிகிறது. சரி, குப்பை எங்கே வேண்டுமானாலும் விழலாமே, அந்தத் திட்டில்தானா விழவேண்டும்? ஒரே வரித் திருத்தம். நான்கு நாளாக அவளுக்குக் கை வரவில்லை. தம்பியை இரண்டாந்தரம் மூழ்கடிப்பதுபோல் இருந்தது.

"ஏம்மா, பசங்க அந்தப் புள்ளிக்குப் பழகிட்டாங்க. நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் அங்க மாட்டினா, 'அட, நம்ம ரேவிதான்'னு டீயைக் குடிச்சுட்டு உக்காந்திருப்போம்" என்றார் மர்டோக்.

சுருக்கென்று தைத்தது. ரேவியின் மகன் ஹோனே அன்று விடிகாலையிலேயே படகை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தான். அவன் புள்ளி திரையில் இல்லை. இருப்பிடம் அனுப்பும் கருவியைப் போட மறக்கிற பையன்தான்.

நைரி அந்த வரியை எழுதினாள். வேறு எதையும் தொடாமல், வழக்கமான அமைப்பிலேயே உருவாக்கி ஓட்டினாள். மதியம் மணி இரண்டு. வெளியே மூடுபனி. புள்ளி அதே திட்டில் இருந்தது.

"திருத்திட்டேன்னியே?"

"திருத்திட்டேன். அதனாலதான் சொல்றேன், கிளம்புங்க. அங்க யாரோ இருக்காங்க."

"இந்தப் பனியிலயா? குப்பைய நம்பி என் ஆளுங்கள..."

"குப்பையத்தான் தொடச்சுட்டேனே, மர்டோக்!" என்று கத்தினாள்.

போனார்கள். என்ஜின் நின்றுபோன படகு திட்டில் உரசிக்கொண்டிருந்தது. உள்ளே ஹோனே.

ஐந்து மணிக்கு அவன் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு சீஸ் ரோலைக் கடித்தான்.

"கருவியையாவது போட்டு வச்சியே, மகராசன்" என்றாள் நைரி.

"எந்தக் கருவி அத்தை? காலைல பத்து மணிக்கே பேட்டரி செத்துப்போச்சு. ரேடியோவும் இல்ல, கருவியும் இல்ல. எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

மர்டோக் அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள். திட்டில் ஒன்றுமில்லை.

அவர்கள் போனபின், திருத்தாத பழைய நிரலையே எடுத்து, அதே அமைப்பில் மறுபடி உருவாக்கி ஓட்டினாள். பத்து நிமிடம் பார்த்தாள். ஒரு மணி நேரம் பார்த்தாள். புள்ளி வரவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாகத் தம்பிக்காக வாய்விட்டு அழுதாள்.