எலுமிச்சம்பழம் செய்த கொலை

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: 'இவன் நாசமாய்ப் போக' என்று ஒருத்தரையாவது நீங்கள் மனதுக்குள் சபித்ததில்லையா? சபித்தவரெல்லாம் கொலைகாரர் என்றால், மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிற சிறைகள் போதுமா?

அங்கே பாடாங் மேஹா பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம் ஒன்றில் இருபத்தேழு வருடமாகக் களைக்கு மருந்தடிக்கும் பிச்சையம்மாளுக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. தான் கொலைகாரி என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை, முதுகில் மருந்து டாங்கியோடு வெயிலில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். ஆட்களை மேய்க்கிற மண்டோர் புவனேஸ்வரன் வந்தார். "கெழட்டு எரும, படுக்குறதுக்கா வேலைக்கு வர்ற?" என்று எல்லார் எதிரிலும் டாங்கியைக் காலால் உதைத்தார். அன்று சாயங்காலம் பிச்சையம்மாள் ஓர் எலுமிச்சம்பழத்தில் அவர் பெயரைச் சொல்லி ஏழு ஊசி குத்தினாள். தோட்டத்து முனியாண்டி கோயில் மரத்தடியில் அதைப் புதைத்தாள். வெள்ளிக்கிழமை காலை, பழக்குலை ஏற்றிய டிராக்டர் மேட்டில் பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டு வந்து, புவனேஸ்வரனை ஒரு செம்பனை மரத்தோடு சேர்த்து நசுக்கியது. ஓட்டிய தேவன் குதித்துத் தப்பினான்.

ஊசி விஷயத்தை அவள் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். அந்த ஆள் பக்கத்து வீட்டுக் காளியம்மா. போதாதா? பொழுது சாய்வதற்குள் தோட்டமே துப்பறிந்து முடித்துவிட்டது. மறுநாள் வேலைக்குப் போகும் லாரியில் பிச்சையம்மாள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"அக்கா மொகத்தப் பாக்காதீங்க லா. அடுத்த பழம் நம்ம பேருக்குத்தான்" என்றாள் காளியம்மா. லாரியே சிரித்தது.

முனியாண்டிக்குக் கோபம் தணிய ஆடு வெட்ட வேண்டும் என்றார் பூசாரி. மேனேஜர் சசிதரன் உடனே கொடுத்தார். பத்து மாதமாக ஒரு பிரேக்கைச் சரிசெய்ய மனம் வராத மனிதருக்கு, ஆடு கொடுக்க மனம் வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என்ன பக்தி! கழுத்தில் மாலையோடு முன்வரிசையில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். கொன்றது பழம் என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகு டிராக்டரை எவன் திரும்பிப் பார்க்கப் போகிறான்?

பிச்சையம்மாள் அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். மண்டோரின் மனைவி பிரேமாவதி வீட்டு வாசலில் வந்து நின்று அவளையே பார்த்துவிட்டுப் போனாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் காலை, மாற்றுச் சேலை இரண்டையும் பல் துலக்கும் பிரஷையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பக்கத்து டவுனான குலிமுக்குப் பஸ் ஏறினாள். காவல் நிலையத்தில் அந்த விபத்தை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ஷீலாவின் முன்னால் போய் நின்றாள்.

"மண்டோர நாந்தாம்மா கொன்னேன். உள்ள போடுங்க."

"எதால கொன்னீங்க ஆன்ட்டி?"

"எலுமிச்சம்பழத்தால."

அடுத்த மேசைக் கார்ப்பரல் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். ஷீலா சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, குத்தம்னா ரெண்டு வேணும். கெட்ட மனசு வேணும், அந்த மனசு செஞ்ச காரியமும் வேணும். உங்ககிட்ட மனசு மட்டும்தான் இருக்கு. நீங்க குத்துன ஊசி பழத்தோட போச்சு. பிரேக்கத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடுறேன்? அது பத்து மாசமாவே புடிக்கல. தேவன் மூணு தடவ மேனேஜர்கிட்ட சொன்னான். கடைசியா எங்க லாரி பக்கத்துல நின்னுதான் சொன்னான். 'உருண்டா உருளட்டும், பழம் இன்னைக்கே மில்லுக்குப் போயாகணும்'னாரு."

ஷீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யார் யார் கேட்டீங்க?"

"பதினோரு பேரு."

"அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர்கூட எங்ககிட்ட இதச் சொல்லல. தேவனும் சொல்லல. மேனேஜர் தனக்குத் தெரியவே தெரியாதுங்கிறாரு. சாகடிக்கணும்னு நெனச்சாத்தான் குத்தம்னு இல்ல ஆன்ட்டி. ஆபத்துன்னு தெரிஞ்சும் பரவால்லன்னு ஒரு காரியத்த நடத்தி, அதுல ஆள் செத்தா அதுவும் குத்தந்தான்."

பிச்சையம்மாளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஊசி குத்திய தன்னிடம் மனம் இருந்தது, காரியம் இல்லை. ஆடு கொடுத்தவரிடமோ இரண்டும் இருந்தன. அவருக்குத் தெரியும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

"எழுதிக் கையெழுத்துப் போடுறீங்களா?"

"போட்டா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. தோட்டம் குடுத்த வீடு."

ஷீலா வற்புறுத்தவில்லை. பிச்சையம்மாள் தன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். செய்யாத கொலைக்காகக் கட்டிய மூட்டை.

"ஜெயிலுக்குன்னுதானே சேலய எடுத்துட்டு வந்தேன். வீடு போனா போவட்டும். பேனாவக் குடும்மா."

போட்டாள். ஆனால் ஒருத்தியின் சொல்லை எதிர்த்து மேனேஜரின் சொல் நிற்கிறது. மற்றப் பத்துப் பேரும் தேவனும் ஆட்டுக்கறி தின்ற வாயை இன்னும் திறக்கவில்லை.

நீங்கள் அந்த லாரியில் இல்லை, சரி. உங்கள் வேலையிடத்திலும் ஒருவர் 'உருண்டால் உருளட்டும்' என்றிருப்பார், நீங்களும் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கே நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். ஆள் சாகும்வரை காத்திராமல் போய்ச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுங்கள்.